மலையெல்லாம் பனிமொழி

அம்மை குத்துகிற உத்தியோகத்தில் இருப்பவனைக் கண்டு ஓடாத குழந்தை, இன்னும் நடக்கப் பழகாத குழந்தையாகத்தான் இருக்கும். அதையும் தூக்கிக்கொண்டு அதன் அம்மா ஓடுவாள். ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் மலையில் எனக்கு இந்த வேலை. கையில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் பெரியம்மை வராமல் தடுக்கிற அம்மைப்பால், ஊசி, பதிவேடு. வீடு வீடாகப் போய், குழந்தையின் பேர், தகப்பன் பேர் எல்லாம் எழுதி, கையில் குத்திவிட்டு, எட்டாம் நாள் திரும்பப் போய்த் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைக்கு ஆசை ஆசையாக ஒரு பேரைத் தேடிப் பிடித்துவிட்டு, அதை வேறு யாராவது வைத்துவிடுவார்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

நாலாம் பழனிச்சாமி

எனக்குச் சொந்த ஊர் பழனி அடிவாரம். அங்கே பிறந்தவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? என் வகுப்பில் ஐந்து பழனிச்சாமிகள். வாத்தியார் நம்பர் போட்டுக் கூப்பிட்டார், நான் நாலு. மூணாம் பழனிச்சாமி செய்த குறும்புக்கு எனக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல. என் மனைவி கோமதிக்கும் இதே கதி. அவள் சங்கரன்கோவில்காரி. அவர்கள் தெருவில் ‘கோமதி’ என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழு வாசலிலிருந்து ‘என்ன?’ என்று பதில் வருமாம்.

அதனால் கோமதி உண்டானவுடன், பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரிசாகக் கிடைத்த தடித்த அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் சாம்பாரில் உப்பு இல்லை. ஏழாம் நாள் பேர் கிடைத்துவிட்டது: பனிமொழி. குளிர்ச்சியாகப் பேசுகிறவள் என்று அர்த்தம். ஆண் பிறந்தால் என்ன செய்வது என்று கேட்டேன், முறைத்தாள். சொல்லிப் பார்த்தேன். வாயில் கற்கண்டு போட்டது மாதிரி இருந்தது. இப்படி ஒரு பேரை இந்த மலையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றேன். கோமதி சொன்னாள்: “அதுக்குத்தான வச்சேன்? எம் பிள்ளையக் கூப்பிட்டா எம் பிள்ளை மட்டுந்தான் திரும்பிப் பாக்கணும்.”

தும்மிய கூடை

நாலைந்து மாதம் கழித்து பெருமாள்மலையில் ரோட்டோரத்து டீக்கடை வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தை இருப்பதாகத் தகவல். கடைக்காரர் மனைவி பின்கட்டில் பேரிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை எங்கே என்றேன். “அது எங்க ஆத்தா வீட்ல கெடக்கு சார்” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பேரிக்காய்க் கூடை தும்மியது. மேலே கிடந்த சாக்கை விலக்கினால், உள்ளே வைக்கோலில் கொழுகொழுவென்று ஒரு பெண்குழந்தை. என்னைப் பார்த்துச் சிரித்தது.

குத்தி முடித்துப் பதிவேட்டைத் திறந்து பேர் கேட்டேன். “பனிமொழி” என்றார். என் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாவம், உள்ளே போய் ஒரு பென்சிலை எடுத்துவந்து கொடுத்தார். இந்தப் பேரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: “செண்பகனூர்ல எங்க மதினி மகளுக்கு இதான் பேரு சார். அவுங்க பக்கத்து வீட்லயும் இதையே வைக்கப் போறாகளாம். நாம பிந்திரக் கூடாதுன்னு வெரசா வச்சுப்புட்டோம்.”

குல்லாக்கடை

கோமதியிடம் சொல்லவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியிடம் சொல்லக்கூடிய விஷயமா இது? இரண்டு பேர்தானே, ஒருவேளை இதோடு நின்றுவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பஜார் வழியாக நடந்தேன். அங்கே கம்பளித் துணி விற்கிற ராவுத்தர் எனக்கு நல்ல பழக்கம். கைக்குழந்தைகளுக்குக் குல்லா பின்னி, கேட்கிறவர்களுக்கு அதன் நெற்றியில் பிள்ளையின் பேரைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுப்பார்.

அன்றைக்குக் கடை வாசலில் கயிறு கட்டி வரிசையாகக் குல்லாக்களைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. கிட்டே போய்ப் படித்தேன். பனிமொழி, பனிமொழி, பனிமொழி, பனிமொழி. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாங்க ஆள் வருவதற்கு முன்பே பேரைத் தைத்து வைத்திருக்கிறீர்களே பாய், விற்குமா என்று கேட்டேன். ராவுத்தர் ஒரு குல்லாவை உருவி என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உங்க வீட்லயும் விசேஷம்னு கேள்விப்பட்டேன் சார். ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க, அடுத்த வாரம் வந்தா கிடைக்காது. இப்ப இதுதான் பேஷன்.”

ஆறு பன்னி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டை எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படிப்பார். வீட்டுக்குப் போகாமலே பொய்ப் பேர் எழுதியதற்காக இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியவர்.

அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. “என்னய்யா இது, பன்னிமொழி?”

“பனிமொழி சார்.”

விரல் கீழே இறங்கியது. மறுபடி நின்றது. பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு இடத்தில் நின்றது. இங்கேயும் பன்னி, இங்கேயும் பன்னி என்று எண்ணிக்கொண்டே போய் ஆறில் முடித்தார். எனக்கு முதுகில் வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்ப்பதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறும் நிஜக் குழந்தைகள் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்ல உக்காந்து எழுதினதுகூடப் பரவாயில்லைய்யா. ஆறு வேற வேற பேரா யோசிக்கிறதுக்குக்கூடவா சோம்பல்?”

அடுக்கத்தில் விசாரணை

ஆறில் மூன்று, மலைச்சரிவில் கீழே இருந்த அடுக்கம் என்ற ஊரில் இருந்தன. மறுநாள் வெள்ளனே இன்ஸ்பெக்டர் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுக்கத்துக்கு அப்போது இறக்கத்தில் நடைதான். வழியில் இரண்டு தடவை அவர் விழுந்தார். இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினார். என் கவலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த மூன்று பனிமொழிகளும் ஊரில் இல்லாமல் போனால் வேலை போய்விடும். இருந்தால் என் பிள்ளையின் பேர் போய்விடும்.

ஊர் நடுவில் நின்று இன்ஸ்பெக்டர், “பனிமொழி யாரு? வெளிய கொண்டாங்க!” என்று குரல் கொடுத்தார். நான்கு தாய்மார் நான்கு குழந்தைகளோடு வந்தார்கள். நாலாவது எப்படி என்று பதிவேட்டைப் பார்த்தார். “இதுக்கு இன்னும் ஊசி போடலீங்க. முந்தாநாத்துதான் பேரு வச்சோம்” என்றாள் அந்தப் பெண். மற்ற மூன்றின் கையிலும் தழும்பு கச்சிதமாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. மலை முழுக்க இந்தப் பேரை யார்தான் கிளப்பிவிட்டது என்று கேட்டார். முன்னால் நின்ற பெண் நேராக என்னைக் கை காட்டினாள். “இந்தா நிக்கிறாரே, இவருதேன்! எந்தப் பிள்ளையப் பிடிச்சாலும் ‘பனிமொழிக் கண்ணு, அந்தா காக்கா பாரு, அழக் கூடாது பனிமொழி’ன்னு கொஞ்சிக்கிட்டேதான குத்துவாரு? சர்க்காருல இருந்து சொல்லிவிட்ட பேருன்னு நாங்களும் வச்சுக்கிட்டோம்.”

எங்கள் வீட்டு விசேஷம்

சத்தியமாக எனக்கே தெரியாது. அகராதியிலிருந்து வந்த நாளாக அந்தப் பேர் நாக்கிலேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. பார்த்த பிள்ளையிடமெல்லாம், ஆண்பிள்ளை உட்பட, சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் மறைக்க முடியாமல் அன்று சாயங்காலம் கோமதியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு பனிமொழியாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பல்லாகத் தனியே எடுத்து வைத்தாள். ஏழு பல் சேர்ந்ததும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அகராதியை எடுத்தாள்.

பெண்தான் பிறந்தது. நித்திலா என்று புதுப் பேரை முடிவு செய்து வைத்திருந்தோம். பேர் வைக்கிற அன்றைக்குப் பெருமாள்மலை டீக்கடைக்கார அம்மாவும் அடுக்கத்துப் பெண்களும் தங்கள் பனிமொழிகளைத் தூக்கிக்கொண்டு, மலைவாழையும் பேரிக்காயுமாக வந்து இறங்கினார்கள். கோமதி பேரைச் சொன்னாள். டீக்கடைக்கார அம்மாதான் ஆரம்பித்தார்: “ஏன் சார், எங்க பிள்ளைகளுக்கு ஒரு பேரு, உங்க பிள்ளைக்கு வேற பேரா? அப்ப அந்தப் பேருல ஏதோ கோளாறு இருக்கு.” அடுக்கத்துப் பெண் என் மகளின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஊசியும் அப்படித்தேன் போல. இந்தக் கையில ஒரு தழும்பையுங் காணோமே” என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் இப்படியே ஊர் திரும்பினால் இனி அந்த மலையில் ஒரு பிள்ளையும் எனக்குக் கை நீட்டாது.

தகரப்பெட்டியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குத்திய கை. அதே கையால் சொந்தப் பிள்ளைக்கும் குத்தினேன். அவள் வீறிட்டாள். என் வாய் தன்பாட்டில் பேசியது: “அழக் கூடாது பனிமொழி. அந்தா காக்கா பாரு, பனிமொழிக் கண்ணு.” பெண்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் நித்திலா என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. ராவுத்தர் வேறு, பனிமொழி என்று தைத்த குல்லாவோடு வந்து நின்றார். எல்லாரும் போன பிறகு கோமதி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “அடுத்த பிள்ளைக்கும் ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன். அதை உங்ககிட்ட மட்டும் சொல்றதா இல்லை.”

அம்மை பரவாமல் பார்த்துக்கொள்ளத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அந்த மலையில் நான் பரப்பியதெல்லாம் சம்பளமில்லாத சேவை.