தோளில் இருந்த கை

நேற்று டாலஸில் ஒரு பூங்காவில் என் மகளைப் பூக்களுக்கு நடுவே தனியாக நிறுத்திப் படம் எடுக்க மனைவி போனை உயர்த்தினாள். நான் ஓடிப்போய் மகள் பக்கத்தில் நின்றுகொண்டேன். "அப்பா, யூ ஆர் இன் தி வே" என்றாள் மகள். மனைவியும் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் நகரவில்லை. மகளுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறோம். ஒன்றும் இருக்காது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ரிப்போர்ட் நாளை வரும்.

மைசூர் போனபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. ஈரோட்டிலிருந்து மைசூருக்கு டூர் போகிறோம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். டூரில் முதலில் பார்த்த இடம் ஓர் ஆஸ்பத்திரி என்பது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. டாக்டர் அறைக்குள் போன அப்பாவும் அம்மாவும் வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, அரண்மனை பார்க்கலாம் என்றார் அப்பா. அம்மா பின்னால் வந்தாள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போகவேண்டும். தங்கையை அப்பா தூக்கிக்கொண்டார். வெயிலில் எனக்கும் கால் சுட்டது. என்னை யாரும் தூக்கவில்லை. கும்மட்டம் முகலாயர் பாணி, வளைவு ராஜபுத்திரர் பாணி, கண்ணாடிக் கூரை சீமையிலிருந்து கப்பலில் வந்தது என்று கைடு சொல்லிக்கொண்டே போனார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அப்பா, எல்லாவற்றையும் தங்கையின் காதில் திரும்பச் சொன்னார். மயில் வரைந்த கூரைக்குக் கீழே அவள் "இன்னொருக்கா" என்றாள். மூன்று தடவை சுற்றி வந்தோம். நான் கேட்டிருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

வெளியே தோட்டத்தில் ஒரு போட்டோக்காரர் இருந்தார். விலாசம் கொடுத்தால் படத்தைத் தபாலில் அனுப்பிவிடுவார். ரோஜாப் பாத்திக்கு முன்னால், பின்புறம் கும்மட்டம் தெரிய, தங்கையை நிறுத்தினார் அப்பா. நானும் போய் நின்றேன்.

"கண்ணு, பாப்பா மட்டும் நிக்கட்டும். நீ இப்புடி வா" என்றார் அப்பா.

மாட்டேன் என்று அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் மறு கையைப் பிடித்து இழுத்தார்.

"அவனும் நிக்கட்டும்ங்க" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியை விட்டு வந்தபிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான். அப்பா கையை விட்டுவிட்டு, அரண்மனையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தை மாதம் தங்கை இறந்துபோனாள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, கூடத்தில் மாட்டி, மாலை போட்டார்கள். ஸ்டுடியோக்காரர் என்னை வெட்டியிருந்தார். தங்கையின் தோள்மேல் இருந்த என் நான்கு விரல்களை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இது என் கை என்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இழுத்தும் நான் நகரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன், பெருமையாக.