ஆழ்வாப்பிள்ளையின் கல்வேலியும் ஒல்லாந்துப் பிள்ளைகளும்

நெடுந்தீவில் கரப்பந்தாட்டப் போட்டி எங்கே நடந்தாலும் நடுவர் ஆழ்வாப்பிள்ளைதான். பந்து கோட்டின் மேல் விழுந்ததா, கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. தோற்ற பக்கமும் வாயை மூடிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவருக்கு, அவருடைய சொந்த வீட்டு வளவின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று முப்பது வருடமாக ஒருவராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அவர் நெடுந்தீவில் பிறந்தவர். இடப்பெயர்வுக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த சில வருடங்களைத் தவிர, மற்ற வயதெல்லாம் இங்கேதான் கழிந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறினார். அதன் பிறகு மனைவி சீதேவியும் அவருமாகப் பனங்கிழங்கைக் காயவைத்து, இடித்து, ஒடியல் மாவாக்கிக் கனடாவிலுள்ள உறவினருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். உறவினரின் உறவினரும் கேட்டார்கள். அது தொழிலாகிவிட்டது.

எல்லைக்கு மறுபுறம் இருப்பவர் வயித்திலிங்கம். சீதேவியின் கூடப் பிறந்த தமையன். ஆகவே ஆழ்வாப்பிள்ளைக்கு மச்சான். இரண்டு வளவுக்கும் நடுவில் இருப்பது முருகைக்கல் வேலி, பவளப்பாறைக் கல் அடுக்கியது. எங்கள் தீவில் வேலி என்றால் பெரும்பாலும் அதுதான். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லின்மேல் கல்லை அடுக்கிவிடுவது. மாரி மழைக்கு அங்கங்கே சரியும். சரிந்த கல்லை எடுத்து அடுக்குகிறவன் தன் பக்கத்தில் நின்றுதான் அடுக்குவான். நிற்க இடம் வேண்டுமென்பதால் கல்லைச் சற்றுத் தள்ளி வைப்பான். அப்போது வேலி ஒரு விரலளவு அடுத்த வளவுக்குள் போய்விடும். அடுத்த மாரியில் மற்றவன் முந்திக்கொண்டால் இரண்டு விரலளவு திரும்பி வரும். மழை விட்ட காலை வேளைகளில் ஆழ்வாப்பிள்ளையும் வயித்திலிங்கமும் விழித்தெழுந்த வேகத்தைப் பார்த்தவர்கள், அவர்களைக் கடும் உழைப்பாளிகள் என்று நினைத்திருப்பார்கள்.

பழைய கோடு எது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கதை. ஒல்லாந்தன், அதாவது டச்சுக்காரன், ஆண்ட காலத்தில் அவனே வந்து நின்று, கயிறு பிடித்துப் போட்ட வேலி இது என்பார்கள். ஆழ்வாப்பிள்ளையின் பூட்டனார் அந்தக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தாராம். வயித்திலிங்கத்தின் பூட்டனார் மறு நுனியைப் பிடித்தாராம். ஒல்லாந்தர் போன ஆண்டையும் பூட்டன்மாரின் வயதையும் வைத்துப் பார்த்தால் இது ஒத்துவராது. ஆனால் அவர்கள் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுதான் என்பதால் ஊரில் யாரும் திருத்தவில்லை. மத்தியஸ்த சபை வந்தது. நில அளவையாளர் வந்தார். "நீங்கள் ஆர் சொல்ல? போட்டவன் ஒல்லாந்தன்" என்று இருவரும் அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் நேரே பேசிக்கொள்வதும் இல்லை. அதனால் பேச்சு நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். ஆழ்வாப்பிள்ளை வேலியோரம் வந்து சீதேவியிடம் உரத்துச் சொல்வார். வயித்திலிங்கம் அந்தப் பக்கத்தில் தம்முடைய ஆட்டிடம் பதில் சொல்வார்.

சென்ற தை மாதத்தில் இந்த வேலி வேறொரு காரியத்துக்குக் குறுக்கே வந்தது. ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகள் வினோஜாவுக்கும் புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்த தேனுஜனுக்கும் கலியாணம் பேசியாயிற்று. மகளுக்கு வளவின் வடக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவளுக்கு ஒரு வீடும் ஒதுக்கியிருந்தார்கள். எல்லை இதுதான் என்று அயல் காணிக்காரர் ஒப்பம் வைக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் வைக்காவிட்டால் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விடும். அயல் காணிக்காரர் வயித்திலிங்கம்.

"அப்பா, ஒருக்கா மாமாவிட்டைப் போய்க் கேளுங்கோவன்" என்றாள் வினோஜா.

"என்னெண்டு கேக்கிறது? கேட்டால் அவன்ரை கோடு சரியெண்டு ஆகிப்போடும்."

"அப்ப எனக்கு வீடு?"

"தீர்ப்பு வரட்டும் பிள்ளை."

"ஒல்லாந்தன் எழும்பி வந்தோ?"

இதை அவள் எரிச்சலில் சொன்னாள். பங்குனி மாதத்தின் நடுவில், யாழ்ப்பாணத்துச் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் றொஷானி என்ற பெண் ஆழ்வாப்பிள்ளையின் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து வணிகம் படிக்கும் மாணவர் குழு ஒன்று வருகிறதாம். தொழில் நடக்கும் இடங்களையும் பழைமையான இடங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்களாம். முதல் நாள் ஊர்காவற்றுறையில் நண்டு பதனிடும் இடமும் பழைய தேவாலயமும். மறுநாள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு. இங்கே கோட்டையும் குதிரை லாயமும் பார்த்துவிட்டு, ஒடியல் மாத் தொழிலையும் பார்க்க வேண்டும்.

"வரட்டும், வரட்டும். எந்த நாட்டுப் பிள்ளையள்?"

"ஒல்லாந்து ஐயா. உங்கட தீவுக்கு டெல்ஃப்ற் எண்டு பேர் வைச்சினமே, அந்த நகரத்துப் பிள்ளையள்தான்."

ஆழ்வாப்பிள்ளை கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"சீதேவி! இஞ்சை ஓடி வா. ஆக்கள் வருகினமாம்!"

"எந்த ஆக்கள்?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வேலி போட்ட ஆக்கள்!"

கல்வேலிக்கு அப்பால் வயித்திலிங்கம் ஆட்டிடம் சொன்னார்: "கேட்டியோடி? ஒல்லாந்தன் வாறானாம். வரட்டும். தான் எங்கை போட்டது எண்டு அவனுக்குத் தெரியும். அவன் சொன்னா நான் அதுக்கு மேலை ஒரு கதை கதைக்கமாட்டன்."

"நானும் கதைக்கமாட்டன் எண்டு சொல்லு, சீதேவி!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

இப்படியாக இருவரும், அயலட்டை முழுவதும் கேட்க, ஒல்லாந்தர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

குழு வந்த அன்று நல்ல வெயில். பிள்ளைகள் எல்லோரும் பனை வடலிபோல உயரம். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. கூட ஓர் ஆசிரியை. ஒடியல் காயும் பாயையும் இடிக்கும் இயந்திரத்தையும் ஆழ்வாப்பிள்ளை விரைவாகக் காட்டி முடித்தார். யோரிஸ் என்ற பொடியன், இந்தத் தொழிலை அடுத்த ஐந்து வருடத்தில் எப்படி வளர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டான். றொஷானி மொழிபெயர்த்தாள்.

"அது வேலி தீர்ந்த பிறகு சொல்லலாம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "எல்லாரையும் இஞ்சாலை வரச் சொல்லும் பிள்ளை."

வேலியோரத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன. அயலில் இருந்த கதிரைகள் எல்லாம் வந்திருந்தன. மறுபுறத்தில் வயித்திலிங்கம் வெள்ளைச் சேட்டும் சால்வையுமாக நின்றார். றொஷானிக்கு அப்போதுதான் காரியம் விளங்கியது. வேறு வழியின்றி எல்லாவற்றையும் ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"தங்கட நாடு அந்தக் காலத்திலை இஞ்சை வந்து செய்த பிழையளுக்கு மன்னிப்புக் கேக்கிறாவாம் ஐயா."

"மன்னிப்பைப் பிறகு கேக்கட்டும். கயிறு எங்கை பிடிச்சவை எண்டதை முதல் சொல்லச் சொல்லும்."

"அதைத்தான் நானும் கேக்கிறன் எண்டு அவரிட்டைச் சொல்லும்" என்றார் வயித்திலிங்கம். அவரிட்டை என்றது, மூன்று முழத் தூரத்தில் நின்ற ஆழ்வாப்பிள்ளையை. றொஷானி திரும்பி ஆழ்வாப்பிள்ளையிடம் சொன்னாள். தமிழைத் தமிழுக்கு மாற்றுகிற வேலையும் அன்று அவளுடையதாயிற்று.

ஆசிரியை தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று மறுத்துப் பார்த்தார். மாணவர்கள் விடவில்லை. நண்டைப் பார்த்தபோதும் கோட்டையைப் பார்த்தபோதும் கொட்டாவி விட்டவர்களாம். இப்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கத்தையும் சமமாகக் கேட்பது தங்கள் நாட்டு வழக்கம் என்றார்கள். கேட்டார்கள். யோரிஸ் ஆழ்வாப்பிள்ளை பக்கம் சாய்ந்தான். லோட்டே என்ற பெட்டை வயித்திலிங்கம் பக்கம். வயித்திலிங்கம் அவளுக்கு ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தார். சீதேவி இரு பக்கத்தாருக்கும் கூழ் வார்த்தாள். கூழ் உறைப்பு. அதைக் குடித்தபின் அவர்களுடைய குரல் இன்னும் ஏறியது.

மத்தியானம் திரும்பியபோது மாணவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள். தங்கள் மொழியில் தங்களுக்குள்ளேயே வாக்குவாதம். லோட்டே எழுந்து நின்று யோரிஸின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தான். ஆசிரியை ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும்படி கெஞ்சினார்.

வயித்திலிங்கம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "மச்சான், உதுகள் அடிபடப் போகுதுகள்."

"ஓம் மச்சான். நீர் அந்தப் பெட்டையை ஒருக்காப் பிடியும். நான் பொடியனை இருத்திறன்."

"சின்னக் காணித்துண்டு, உதுக்குப்போய் இப்பிடியோ?"

"உதைத்தான் நானும் பாக்கிறன். வளந்த பிள்ளையள், வெக்கமில்லாமல்."

சீதேவி கூழ் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தாங்கள் நேரே பேசியதை அவர்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து படகின் ஊதல் கேட்டது. குறிகட்டுவானுக்குப் போகும் கடைசிப் படகு. றொஷானி துறையடிக்கு ஓடிப்போய், படகின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "என்ரை வேலை போச்சு" என்று நிலத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் பிள்ளை அழுறீர்? ரெண்டு வீடு இருக்கு" என்றாள் சீதேவி. பெட்டைகள் வயித்திலிங்கம் வீட்டில் படுக்கட்டும், பொடியங்கள் இங்கே படுக்கட்டும் என்று அவளே முடிவு செய்தாள். சமையல் ஒரே குசினியில்தான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக வெளியே ஒழுங்கைப் பாதையால் சுற்ற வேண்டும். சுடுசோற்றுப் பானையோடு அது சரிவராது. "எனக்குச் சுத்திப் போக ஏலாது. கல்லை எடுங்கோ" என்றாள். தமையனிடமும் கேட்கவில்லை, கணவனிடமும் கேட்கவில்லை.

பானை போகிற அளவுக்கு இரண்டு கல்லை எடுத்தால் போதும். ஆனால் உதவி செய்யச் சொன்னதும் பொடியங்கள் எல்லோரும் பாய்ந்து விழுந்தார்கள். கல்லுக்குக் கல் ஒட்டாத வேலி என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒன்றை இழுக்க நாலு வந்தது. ஆழ்வாப்பிள்ளை "போதும், போதும்!" என்று கத்தினார். போதும் என்பதை மொழிபெயர்க்க வேண்டிய றொஷானி முகம் கழுவப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது இரண்டு வளவும் ஒரே வளவாகக் கிடந்தன.

அன்று பொழுதுபட எல்லோரும் அந்த வெட்டையில் பாய் விரித்துச் சோறு தின்றார்கள். யோரிஸும் லோட்டேயும்கூடச் சமாதானமாகி ஒரே பாயில் இருந்தார்கள்.

காலையில் ஆழ்வாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தால், வேலி திரும்ப நின்றது. விடிவதற்கு வெகு முன்பே பிள்ளைகள் எல்லோருமாக வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். உடைத்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவது என்று தீர்மானமாம். பழைய கோடு தெரியாததால், ஒழுங்கைப் பக்கம் மிஞ்சி நின்ற மூலைக்கல்லிலிருந்து கிணற்றடி மூலைக்கல்லுக்கு நேரே கயிறு கட்டி, அதன் வழியே அடுக்கியிருந்தார்கள். அப்படி நேரான வேலி நெடுந்தீவில் இல்லை. ஆழ்வாப்பிள்ளையின் தேசிமரம் எலுமிச்சங்காய்களோடு வயித்திலிங்கத்தின் வளவுக்குள் நின்றது. வயித்திலிங்கத்தின் ஆட்டுக்கொட்டிலில் பாதி ஆழ்வாப்பிள்ளையின் வளவுக்குள் நின்றது. கொட்டில் நடுவே வேலி போகும்படி கூரையைக் கவனமாகத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"ஐயோ, என்ரை தேசி!"

"என்ரை கொட்டில்!"

இருவரும் வேலியின் இரு புறமும் நின்று கத்தினார்கள். பிள்ளைகள் கல் அள்ளிச் சிராய்த்த கைகளைக் காட்டிச் சிரித்தபடி நின்றார்கள். ஆசிரியை மறுபடி நெஞ்சில் கை வைத்தார்.

வினோஜா வீட்டுக்குள் போய் ஒரு கடதாசியும் பேனையும் கொண்டு வந்தாள். "மாமா, ஒல்லாந்தர் வந்து, கயிறு பிடிச்சு, வேலி போட்டிட்டினம். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் கதைக்கமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"அது... இது பிழையான கோடு பிள்ளை."

"அப்பாவுக்கும் பிழையாம். ரெண்டு பேருக்கும் பிழையெண்டால் சரியாத்தானே இருக்கும்."

வயித்திலிங்கம் ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தார். "மச்சான், என்ன சொல்லுறீர்?"

"என்னத்தைச் சொல்ல? நாசமாப் போவார் நேராப் போட்டிட்டாங்கள்."

"உவங்களுக்கு ஆர் வேலி போடச் சொன்னது?"

"நாங்கள்தானே மச்சான் கேட்டனாங்கள்."

வயித்திலிங்கம் கடதாசியை வேலியின்மேல் வைத்து ஒப்பமிட்டார். வேலி அசையவில்லை, நன்றாகத்தான் அடுக்கியிருந்தார்கள்.

மாணவர்கள் முதல் படகில் போனார்கள். கல்லூரிக்கு அவர்கள் எழுதிய அறிக்கையில் ஒடியல் மாவைப் பற்றி ஒரு பந்தியும், முருகைக்கல் வேலி அடுக்கும் முறை பற்றிப் படங்களோடு பல பக்கங்களும் இருந்தன என்று றொஷானி பிறகு சொன்னாள். அவளுடைய வேலை போகவில்லை. அடுத்த குழு வேலி அடுக்க வருவதற்கு இப்போதே கேட்கிறதாம்.

சித்திரையில் வினோஜாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். முதல் கல்லைத் தாய்மாமன் வைக்க வேண்டும் என்று சீதேவி பிடிவாதமாக நின்றாள். வயித்திலிங்கம் குனிந்து கல்லை வைத்தார். ஆழ்வாப்பிள்ளை தலையைச் சரித்துப் பார்த்தார்.

"மச்சான், உது கோட்டுக்கு வெளியிலை."

"எந்தக் கோட்டுக்கு? மேசன் கீறின கோட்டுக்கு மேலைதான் வைச்சனான்."

"மேசன் கீறினது பிழை."

"அப்ப நீர் வந்து வையும்!"

மேசன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வினோஜா வந்து, கல்லைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, "இதுதான் கோடு. சீமெந்தை ஊத்துங்கோ அண்ணை" என்றாள். மேசன் ஊற்றினார்.