ஒபரேஷனுக்குப் போன நாளில் வந்த இருமல்

கொரோனா காலம். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம். பித்தப்பையில் கல் என்று எனக்கு ஒபரேஷன் குறித்திருந்தார்கள். ஊரை மூடியதில் அது ஒரு தடவை தள்ளிப்போய்விட்டது. இன்னொரு தடவை தள்ளிப்போனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அதனால் இந்தத் தடவை சளிகூடப் பிடிக்கக்கூடாது என்று வெளியே தலைகாட்டாமல் கிடந்தேன்.

வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் யாராவது ஒபரேஷனுக்குப் போனால் லயமே திரண்டு வந்து வழியனுப்பும். ஒருவர் விபூதி பூசுவார், ஒருவர் தோடம்பழம் கொடுப்பார், ஒருவர் கட்டாயம் அழுவார். கொரோனாவில் அதெல்லாம் கூடாது. சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்துத் தானே திருஷ்டி கழிப்பதென்று முடிவெடுத்துவிட்டார்.

புறப்படும் காலையில் கை நிறையக் காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு. தள்ளி நின்றே எனக்குச் சுற்றி, நேரே எங்கள் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். அன்றைக்கு வந்த நெடியில் காம்பராவுக்குள் ஒருவரும் நிற்க முடியவில்லை.

"என்னடி இது, ஒம் மேல ஒருத்தரு கண்ணும் படலியா?" என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டார்.

மழைநாளில் எங்களுக்குத் துணி காய்வதெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான். அங்கே தொங்கிய மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, இருமியபடியே ஆட்டோவில் ஏறினேன். இருமல் நின்றபாடில்லை. கூட வந்த என் வீட்டுக்காரரே கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்!

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசை. ஒபரேஷனுக்கு வருகிறவர்களை நிறுத்தி, காய்ச்சல் பார்த்து, விசாரித்துத்தான் உள்ளே விடுவார்கள். இருமல் இருக்கிறதா என்று அங்கே இருந்த நர்ஸ் மிஸ் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இருமல்தான். உடனே என்னைத் தனியாக ஒரு கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இது மெளகா நெடி மிஸ்! சத்தியமா கொரோனா இல்ல!" என்று கத்தினேன்.

அந்த மிஸ் சிங்களவர். ஓரளவு தமிழ் பேசுவார். மிளகாயை எதற்கு நெருப்பில் போட்டீர்கள் என்று கேட்டார். கையால் தலையைச் சுற்றிக் காட்டினேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன.

"எங்க அம்மாவும் செய்றது. மிரிஸ், உப்பு எல்லாம் போட்டு." மிளகாயைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொன்னார்.

மாஸ்க்கை எங்கே காயவைத்தேன் என்று அடுத்துக் கேட்டார். சொன்னதும் அதைக் கழற்றிக் குப்பையில் போடச் சொல்லிப் புதிதாக ஒன்று தந்தார். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கிவிட்டது.

"அப்ப உள்ள போகலாமா மிஸ்?"

"நான் நம்புறது. ஆனா டெஸ்ட் எடுக்காம உள்ள போக ஏலாது."

மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார்கள். நம்பிய பிறகும் இதென்ன கொடுமை என்று உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். ஒபரேஷன் கை நழுவிவிடுமோ என்ற பயம் வேறு. மத்தியானத்துக்கு மேல் மிஸ்ஸே கொட்டகை வாசலுக்கு வந்து, தொற்று இல்லை என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்.

மறுநாள் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா படுத்திருந்தார். வயிற்றில் பெரிய தையல். லேசாக இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துப்போனார். எனக்கு நிஜமாகவே கொரோனா இருந்து, அவருக்கும் தொற்றியிருந்தால்? என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

வீடு திரும்பியதும் அக்கா தன் வாசலில் நின்றே, "பாத்தியா, நான் சுத்திப்போட்டதாலதான் நல்லபடியா வந்த!" என்றார். ஆமாம் அக்கா என்றேன். அந்தப் பாசத்திடம் வேறென்ன சொல்ல முடியும்?

அந்த மிஸ்ஸின் முழு முகத்தை நான் பார்த்ததேயில்லை. ஆனால் இன்றைக்கும் எந்த வாசலிலாவது என்னை நிறுத்தி விசாரித்தால் கோபம் வருவதில்லை. உள்ளே படுத்திருக்கும் யாரோ ஒரு அம்மாவுக்காகத்தான் நிறுத்துகிறார்கள் என்று நின்று பதில் சொல்கிறேன்.