செல்வரத்தினம் அண்ணா பூட்டாத போல்ட்

மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஓமான் எண்ணைப் பார்த்ததும் செல்வரத்தினம் அண்ணாதான் என்று நினைத்து ஈரக்கையோடு எடுத்தேன். வேறு குரல்.

“அக்கா, தோஹாவுல பழைய மெஷின் மியூசியத்துல வேலை பாக்குற அக்காவா? நான் மஸ்கட்ல ரூவியிலேருந்து பேசுறேன். செல்வரத்தினம் அண்ணனோட ரூம்ல இருக்கேன்.” தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. “அண்ணன் தவறிட்டாருக்கா. காலையில டூட்டிக்குக் கெளம்பி ஷூ போட உக்காந்தவரு, அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாரு.”

“ஷூ போட்டுட்டாரா?” என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ஒரு காலுக்குப் போட்டிருந்தாருக்கா,” என்றார் அந்தத் தம்பி.

அடுத்த வெள்ளிக்கிழமை தோஹாவின் நஜ்மாவில், வழக்கமாக நாம் கூடும் கடையின் மாடியில், அவருக்காக ஐம்பது பேர் சேர்ந்தோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஒருவர் எழுந்து, “நம்ம செல்வரத்தினம் தங்கமான மனுஷன். ஆனா ஷேக்கோட குதிரையையே நொண்டியாக்கிட்டுப் போனாரே!” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். நான் கையில் தேநீருடன் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதை தவறு. அது தவறென்று அந்த ஐம்பது பேரில் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோஹாவிலிருந்து எரிவாயு ஆலைகள் இருக்கும் ராஸ் லஃபானுக்குப் போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு பண்ணை. உரிமையாளரான ஷேக் குதிரைப் பிரியர். டிராக்டர் வருவதற்கு முன்பு மேலை நாடுகளில் குதிரை பூட்டி ஓட்டிய விதைக்கும் வண்டிகளையும் களை கிளறும் வண்டிகளையும் ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்து, ஒரு பெரிய கொட்டகையில் நிறுத்தியிருந்தார். துருப்பிடித்து வந்தவற்றை மறுபடி ஓடவைப்பது செல்வரத்தினம் அண்ணாவின் வேலை. யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்தியவர். பிறகு ராஸ் லஃபானில் ஃபிட்டர். அவருக்கு உதவியாக கரண் என்ற நேபாளி. நான் உறுப்புகளுக்கு எண்ணிட்டுப் பதிவேடு எழுதி, காட்சி அட்டைகளுக்கு ஆங்கிலத்தில் விவரம் தயாரிப்பவள். இயற்பியல் படித்துவிட்டு, கணவரின் விசாவில் வந்து, பன்னிரண்டு வருடம் ஃபிளாட்டுக்குள் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் மேசை அது.

“ஃபிசிக்ஸ் படிச்சனான் எண்டு சொல்லுறியள், ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு தெரியேல்லை,” என்பார்.

“நீங்க இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதுங்க பாப்போம்.”

“அதுக்குத்தானே தங்கச்சி உங்களை வச்சிருக்கிறம்.”

ஒரு நாள் மூன்று விதைக்கும் வண்டிகளை வரிசை மாற்றி நிறுத்தினார். நான் நாடு வாரியாக எண் போட்டு வைத்திருந்தேன். கோபமாகக் கேட்டபோது, மூன்றின் பெட்டிகளிலும் கோதுமையைக் கொட்டினார். கரணும் அவருமாக ஒவ்வொன்றையும் சிமெண்ட் தரையில் இழுத்தார்கள். முதல் வண்டியில் பெட்டிக்கு அடியில் வெறும் துளைகள். மெதுவாக இழுத்தால் கோதுமை குவிந்தது. வேகமாக இழுத்தால் வெறுந்தரை தெரிந்தது. இரண்டாவதில் சக்கரம் சுழல, அதோடு சேர்ந்து பெட்டிக்குள் ஒரு பல் உருளை சுழன்றது. எப்படி இழுத்தாலும் ஒரே அளவாக விழுந்தது. ஆனால் கொட்டகைக் கோடியில் திருப்பும்போதும் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவதில் ஒரு நெம்புகோல். அதைத் தூக்கினால் மண் கீறும் கொழுக்கள் மேலே எழும்பும். அதே நொடியில் உருளையும் நின்றுவிடும். திருப்பத்தில் ஒரு மணிகூட விழவில்லை. கரண் கை தட்டினான்.

“முதல் ஆள் விதை விழவேணும் எண்டு யோசிச்சான். ரெண்டாவது ஆள், அளவா விழவேணும் எண்டு யோசிச்சான். எப்ப விழக்கூடாது எண்டு யோசிச்சவன் மூண்டாவது ஆள். அவன் மேசையில இருந்து திருத்தேல்லை தங்கச்சி. வண்டிக்குப் பின்னால நடந்திருக்கிறான்.”

அட்டைகளில் வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரை நான் முதலில் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. “ஆர் வித்தது எண்டு எழுதிறியள். என்னத்தைத் திருத்தினது எண்டெல்லோ எழுதவேணும்?” என்பார். அப்படியே மாற்றி எழுதினேன். வந்தவர்கள் நின்று படித்தார்கள். மேனேஜர் என்னைத்தான் பாராட்டினார். அதை அண்ணாவிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார். அவ்வளவுதான்.

இனி அந்தக் களை கிளறும் வண்டி.

வரிசைகளுக்கு நடுவே களையைக் கிளறும் வண்டி அது. இரும்பு இருக்கையில் ஆள் உட்கார்ந்து, காலால் மிதித்துக் கொழுக்களை இடமும் வலமும் நகர்த்தலாம். ஆறு கொழு, ஆறு இரும்புத் தண்டு. வரிசையில் கடைசியாக நின்றதால் அண்ணா அதை இன்னும் தொடவில்லை. விருந்தினர் வரும் நாளை மேனேஜர் திடீரென்று முன்னுக்குக் கொண்டுவந்தார். எல்லா வண்டிகளும் ஓட வேண்டும் என்றார். அண்ணா அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்க இரண்டு நாள் பண்ணைக்கு வராமல் தோஹாவிலேயே நின்றுவிட்டார். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு துளை. மேல் துளையில் இரும்பு ஆணி. கீழ்த் துளையில் இரண்டு தண்டுகளில் மட்டும் விரல் தடிமனுக்கு மரத்துண்டு செருகியிருந்தது. மற்ற நான்கும் காலி. யாரோ ஒரு விவசாயி இரும்பு கிடைக்காமல் அவசரத்துக்குக் கட்டையைச் செருகியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். “மரத்துண்டுகளை அகற்றி, ஆறு எஃகு போல்ட் போடவும்” என்று என் கையால் எழுதிக் கரணிடம் கொடுத்தேன்.

போல்ட்டுகளை என் கணவர் ராஸ் லஃபானிலிருந்து கொண்டுவந்தார். எரிவாயுக் குழாய்களில் பூட்டுகிற வகை. “இது உடையவே உடையாது,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ராஸ் லஃபானை நம்பிச் சோறு தின்னும் எங்களைப் போன்றவர்களுக்கு உடையாதது எல்லாம் நல்லது, உடைவதெல்லாம் விபத்து. வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. கரண் அதைப் பூட்டி, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்தான்.

விருந்தினர் நாள் காலையில் அண்ணா தோஹாவிலிருந்து நேராக வந்து இறங்கினார். வண்டி ஏற்கெனவே பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது, சாம்பல் குதிரை பூட்டி. அவர் வேலிக்கு அப்பாலிருந்தே கொழுக்களைப் பார்த்தார். “ஆர் உந்தப் போல்ட்டைப் போட்டது?” என்று என்னிடம் கேட்டவர், பதிலுக்கு நிற்காமல், “ரோக்கோ! ரோக்கோ பாய்!” என்று ஓட்டுபவரை நிறுத்தச் சொல்லி ஹிந்தியில் கத்திக்கொண்டு ஓடினார். லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்குள் ஒரு நடைபாதைக் கல் புதைந்து கிடந்திருக்கிறது. கொழு அதில் மாட்டியது. போல்ட் உடையவில்லை. தண்டு உடைந்தது, தண்டைத் தாங்கிய வார்ப்பிரும்பு உடைந்தது, வண்டி சட்டென்று நின்ற வேகத்தில் குதிரை பக்கவாட்டில் விழுந்து, பின்னங்காலைச் சக்கர விளிம்பில் கிழித்துக்கொண்டது. அண்ணாதான் முதலில் போய் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். அதன் காதுக்குள் தமிழில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கட்டை அவசரத்துக்குச் செருகியது அல்ல. அதுதான் அந்த வண்டியில் செய்த திருத்தம். கொழு கல்லில் முட்டினால் மர ஆணி முறியும். தண்டு மேல் ஆணியில் தொங்கிப் பின்னால் மடங்கிவிடும். இரும்புக்கும் குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. ஓட்டுகிறவன் இறங்கி, பையிலிருந்து இன்னொரு கட்டையைச் செருகிக்கொண்டு போவான். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு சுருள்வில்லை வைத்து, இறங்கும் வேலையையும் இல்லாமல் செய்தார்கள். அண்ணாவுக்கு இது பார்த்தவுடனே தெரிந்திருந்தது.

மேனேஜர் கரணின் சட்டையைப் பிடித்தார். “யார் போட்ட போல்ட்?” கரண் என்னைப் பார்த்தான். என் கையில் பதிவேடு இருந்தது. அவன் வாயைத் திறக்கும் முன் அண்ணா, “நான்தான் போனில சொன்னனான் சார். அவனை விடுங்கோ,” என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஹிந்தியிலும் சொன்னார்.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை, அவரும் விரும்பமாட்டார். அந்த நிமிடத்தில் அவர் காப்பாற்றியது கரணை. என் பங்கை நானே சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார். அதற்காக இரண்டு நாள் காத்திருந்தார். நான் மேனேஜர் அறை வாசல் வரை இருமுறை போனேன். ஒருமுறை உள்ளே ஆள் இருந்தது. இன்னொரு முறை யாருமே இல்லை. கதவு திறந்தே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் நாள் மாலை, தோஹா திரும்பும் வேனில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அண்ணா திரும்பாமலே கேட்டார்:

“என்ன தங்கச்சி, மேனேஜரோட கதைச்சனீங்களோ?”

“இன்னும் இல்லண்ணா.”

“ஓம்,” என்றார்.

சரி என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் சாதாரண ஓம்.

மறுநாள் மேனேஜர் விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார். தவறான போல்ட்டைப் பூட்டச் சொன்னவர்: ஃபிட்டர் செல்வரத்தினம். பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன். பத்து நாளில் விசாவை கேன்சல் செய்தார்கள். எனக்குப் போயிருக்கக்கூடியது ஒரு மேசை. அவரை அனுப்பியது சண்டை நடக்கும் நாட்டுக்கு. யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. மனைவியும் மகளும் அந்தப் பக்கம். இவர் கொழும்பில் ஒரு லாட்ஜில், தமிழர் என்பதால் எடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம். பிறகுதான் ரூவியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது.

ரூவிக்கு வந்தபின் அவரே கூப்பிட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் பேச்சை மாற்றினார்.

“இப்ப கட்டைதானே போட்டிருக்கு?”

“ஆமாண்ணா. கரண்கிட்ட சொல்லிப் போட வச்சேன்.”

“என்ன மரம்?”

“சாமான் வர்ற பெட்டி மரம்.”

“ஐயோ, அது பலமில்லாத மரம். ஒவ்வொரு கல்லுக்கும் முறிஞ்சால், ஓட்டுறவன் இறங்கி இறங்கியே செத்துப்போவான். கொஞ்சம் வைரமான மரமாப் பாருங்கோ.” சிரித்தார். அப்புறம், “குதிரை நடக்குதோ?” என்று கேட்டார். விந்தி விந்தி நடக்கிறது என்றேன். நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தொடங்குவதற்குள் போன் கார்டு முடிகிறது என்று வைத்துவிட்டார்.

ரூவித் தம்பி ஒன்று சொன்னார். அண்ணாவின் மகள் போனில் கேட்பாளாம்: “அப்பா, நீங்கள் கவனமாப் பாத்திருக்கலாமே, அந்தக் குதிரையை?” இவர், “ஓமம்மா, பாத்திருக்கலாம்,” என்பாராம். இப்போது பாதை திறந்திருக்கிறது. அந்தப் பாதையில் அவரைப் பெட்டியில் கொண்டுபோனார்கள்.

உடைவதற்கென்றே வைத்த அந்தக் கட்டையோடு அவரை ஒப்பிட்டு எழுதலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாட்டேன். கட்டைக்கு மகள் கிடையாது. கட்டை யாருடைய பதிலுக்கும் இரண்டு நாள் காத்திருக்காது.

சென்ற வாரம் மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டி உள்ளே போய், நின்றபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, “கலாஸ், முடிஞ்சுபோச்சு மேடம், ஆளே போயாச்சு. பழைய பேப்பர் எதுக்கு இப்போ?” என்றார் ஹிந்தியில். பழைய பதிவேட்டை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, மர ஆணியை எடுக்கச் சொன்னதும் எஃகு போல்ட் போடச் சொன்னதும் நான்தான், செல்வரத்தினம் அன்று பண்ணையிலேயே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதன் நகலும் இந்தக் கட்டுரையும் அவர் மகளுக்கு யாழ்ப்பாணம் போகின்றன. அந்தப் பிள்ளை என்னை என்ன நினைத்தாலும் சரி, தன் அப்பாவைச் சரியாக நினைக்கட்டும். நஜ்மாவில் இனி அந்தக் கதையைச் சொல்பவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அவருடையது என்று என்னிடம் ஒரு ஸ்பானர்கூட இல்லை. திரும்பிப் பார்க்காமல் அவர் சொன்ன அந்த ஓம் மட்டும் இருக்கிறது. ராஸ் லஃபான் சாலையில் தினமும் அதே வேனில்தான் வருகிறேன். முன் இருக்கையில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள். அந்த முதுகைப் பார்த்து, மூன்றரை வருடம் பிந்தி, மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்:

“கதைச்சிட்டேன் அண்ணா.”