துவக்குக்குப் போட்ட விண்ணப்பம்

நான் முன்கோபக்காரன் இல்லை என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மனைவிக்குச் சீதனமாக வந்த வயலில், போன போகம் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. இந்தப் போகமும் விட்டால் வீட்டுக்கு அரிசி கடையில்தான். பன்றி சுடத் துவக்கு வாங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். என் நடத்தை பற்றிக் கிராம சேவகர் அறிக்கை எழுத வேண்டும். முன்பு இருந்தவர் என்றால் மேசையில் வைத்தே எழுதித் தந்திருப்பார். இப்போது வந்திருப்பவர் சின்னப் பெண்.

“அண்ணன், நீங்க இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்து ஆறு வருசம். அதுக்கு முதல் எப்பிடி இருந்தீங்க எண்டு இஞ்ச ஆருக்குத் தெரியும்?”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். பழைய கதைகள் பிறந்த ஊரிலேயே நின்றுவிடும். நல்ல வசதி அது. இந்தப் பிள்ளையோ அடுத்த நாளே வாவியைக் கடந்து, குருக்கள்மடத்தில் என் அக்காவிடம் விசாரித்திருக்கிறார். அக்காவே தொலைபேசியில் சொன்னாள்.

“கோவம் வந்தா கையில இருக்கிறத எறிஞ்சிருவான் எண்டு சொல்லிப்போட்டன், தம்பி. பொய் சொல்ல ஏலுமா?”

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறினேன். வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையைத்தான் பாதை என்போம். அந்தக் காற்றுக்குக் கோபம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அக்காவின் முற்றத்தில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றியபடியே கத்தினேன்.

“கூடப் பிறந்தவளே இப்பிடிச் சொன்னா எனக்கு ஆரு துவக்குத் தருவாங்க?”

கோழிகள் சிதறி ஓடின. கூட்டின் தகரக்கூரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா போய், கூட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நல்ல காலம், தம்பி. இன்னும் துவக்குத் தரல்ல.”

வெட்கத்தில் நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான், கூட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய சின்ன மகள் கோழித்தீன் கிண்ணத்தோடு நிற்பதைக் கண்டேன். ஹெல்மெட்டை வாங்கி மெல்ல நிலத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் விண்ணப்பத்தை நானே திருப்பி வாங்கினேன். இந்தப் போகம் பன்றிகளை விரட்ட யானைவெடிதான். திரியைக் கொளுத்தி, வயலுக்குள் தூர எறிய வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஊரில் வேறு ஆள் இல்லை என்கிறாள் மனைவி.