யேசுதாஸின் சூட்டுக்காற்று மிஷின்

"நான் செஞ்ச மிஷினு தப்பே பண்ணாது. தப்பு ஒண்ணு நடந்துச்சின்னா, அது ஆப்பரேட்டர் தப்பு. எழுதி வெச்சிக்கோ!"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஷிப்ட் மாறும் நேரத்தில், டீக்கடை பெஞ்சில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு யேசுதாஸ் அவர்கள் வெளியிட்ட பிரகடனம் இது. கேட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் டீ மாஸ்டர். அவருக்கு வேறு வழியில்லை.

யேசுதாஸ், பிளாஸ்டிக் வாளி செய்யும் ஆலையொன்றில் பத்தொன்பது வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நின்றுபோன எந்த மிஷினையும் அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார். ஓட வைத்த கையோடு, பழுதுக்கான காரணம் 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். பெல்ட் அறுந்தாலும் அதுதான், எலி ஒயரைக் கடித்தாலும் அதுதான். எலியைக் கவனித்திருக்க வேண்டியது ஆப்பரேட்டர்தானே?

அவருடைய மனைவி சுகிர்தாவும் ஆப்பரேட்டர்தான். பாட்டில் மூடி லைனில் பதினொரு வருடம் நின்றே வேலை பார்த்ததில், கெண்டைக்கால் நரம்புகள் நீலநீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டன. இனி உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சுகிர்தா திருவள்ளூருக்குத் தினமும் போய் வந்து செல்போன் சர்வீஸ் பயிற்சி முடித்தார். முன்னறையில் மேசை போட்டார். மூன்று மாதத்துக்குள் கை பழகாவிட்டால் மறுபடியும் லைனுக்கே போய் நிற்பது என்று அவராகவே ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார்.

மேசையில் குறைந்தது ஒன்றே ஒன்று. போனின் போர்டிலிருந்து பொடிப்பொடிப் பாகங்களைப் பிரித்தெடுக்க, சூடான காற்றை ஊதும் கருவி.

"கடையில ஒண்ணு பாத்துட்டு வந்தேன்யா. சின்னதுதான்."

"கடையிலியா? ஊட்ல நான் ஒருத்தன் இன்னாத்துக்குக் கீறேன்?"

"அதத்தான் நானும் கேட்டுக்கினு கீறேன்."

அடுத்த மூன்று ஞாயிறுகள் பச்சையப்பனின் பழைய இரும்புக் குடோனுக்கு அர்ப்பணமாயின. எந்த சலூனிலோ உயிரை விட்ட ஹேர் டிரையரிலிருந்து சூடேற்றும் கம்பிச்சுருள் வந்தது. மீன்கள் காலமாகிவிட்ட ஓட்டல் தொட்டியிலிருந்து காற்று பம்பு வந்தது. பேக்கரி அடுப்பிலிருந்து சூடு பார்க்கும் சென்சார், கழித்துப்போட்ட வாளி மிஷினிலிருந்து டிகிரி காட்டும் மீட்டர், உடைந்த சால்டரிங் அயர்னிலிருந்து கைப்பிடி. எல்லாவற்றையும் பழைய டி.வி. ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் குடிவைத்தார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி, சளி பிடித்தவர் குறட்டை விடுவதுபோல ஒலித்தது. முனையில் காட்டிய காகிதம் நொடியில் பழுப்பானது.

திறப்பு விழாவில் யேசுதாஸ் சுருக்கமாக ஜெபம் செய்தார். ஆப்பரேட்டரை ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொண்டார். மிஷினுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

சுகிர்தா முதலில் பழைய போர்டுகளில் பழகினார். பயிற்சியில் சொன்னபடி முந்நூற்றைம்பது டிகிரி வைத்தார். மீட்டரும் முந்நூற்றைம்பது காட்டியது. ஆனால் பாகங்கள் கழன்று வருவதற்குள் பிளாஸ்டிக் உருகி வழிந்தது. போர்டு கொப்பளித்தது. அடுத்ததும் அப்படியே.

"கை நடுங்குது ஒனக்கு. ஒரே எடத்துல புடிச்சினு நிக்கிற பாரு," என்றார் யேசுதாஸ், பின்னால் நின்று மேற்பார்வையிட்டபடி.

ஏழு போர்டுகள் கருகின. எட்டாவது, பக்கத்து வீட்டு முத்தம்மாள் நம்பிக் கொடுத்த போன். சார்ஜர் சொருகும் துளையை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் உருகி, மெழுகுபோல் உட்கார்ந்துவிட்டது.

சுகிர்தா இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஞாயிறு. கோயிலிலிருந்து திரும்பியதும் பீரோவிலிருந்து கம்பெனி சட்டையை எடுத்து உதறினார்.

"சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கி வரச் சொல்லிட்டாரு. மூடி பொறுக்கற கையி மூடிதான் பொறுக்கும்."

சொல்லிவிட்டுச் சோறு வடிக்க உள்ளே போய்விட்டார்.

யேசுதாஸ் மேசையில் உட்கார்ந்தார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டி உலகுக்குப் பாடம் நடத்துவதே நோக்கம். முந்நூற்றைம்பது வைத்து, நடுங்காத கையால், ஆட்டி ஆட்டிக் காற்றை ஊதினார். பிளாஸ்டிக் உருகியது. போர்டு கொப்பளித்தது.

அவர் மீட்டரின் பொத்தான்களை அழுத்தி, அதன் உள் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். சென்சார் வகை: ஜே. அவருடைய ஆலையில் மிஷினுக்கு மிஷின் ஜே வகைதான். பத்தொன்பது வருடத்தில் அதை மாற்றிவைக்கும் வேலையே வந்ததில்லை. பேக்கரி அடுப்பின் சென்சாரோ கே வகை. ஜே என்று நம்பிக்கொண்டிருக்கும் மீட்டரில் கே சென்சாரை மாட்டினால், உள்ளே நானூற்றைம்பதுக்கு மேல் எரிந்தாலும் வெளியே சாதுவாக முந்நூற்றைம்பது என்று காட்டும்.

இரண்டு பொத்தான்களை அழுத்தினால் சரியாகிவிடும். சமையலறையில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது. யாரும் பார்க்கவில்லை. சரிசெய்துவிட்டு, "இன்னொரு வாட்டி பாரேன்" என்று கூப்பிட்டால் போதும். வேலை கச்சிதமாக வரும். கை பழகிவிட்டது என்று சுகிர்தாவே சந்தோஷப்படுவார். யேசுதாஸின் விரல் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் தங்கியது.

பிறகு விரலை எடுத்துக்கொண்டார்.

"சுகிர்தா, இங்க வா."

ஈரக்கையோடு வந்தார். யேசுதாஸ் புதிதாக ஒரு போர்டை எடுத்துவைத்து, அவர் கண்ணெதிரே, தன் கையாலேயே கருக்கிக் காட்டினார்.

"என் கையும் நடுங்குதா பாரு."

"இல்லியே."

"நானூத்தம்பது கீது. முந்நூத்தம்பதுன்னு காட்டுது. மீட்டர நான் மாத்தி வெக்கல."

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான்?"

"நீ சரியாத்தான் பண்ண. எட்டு தபாவும்."

பொத்தான்களை அழுத்தி, ஜேயை கே ஆக்கி, கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினார். சுகிர்தா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்தம்மாள் போனின் உருகிய துளை, இம்முறை பூப்பறிப்பதுபோல் கழன்று வந்தது. அடியில் போர்டு பத்திரமாக இருந்தது. புதியதைப் பொருத்தி சார்ஜரைச் சொருகியதும் திரை எரிந்தது.

அந்நேரம் முத்தம்மாளே வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மே சுகிர்தா, போன நெருப்புல போட்டுட்டியாமே? தெருவே பேசுது!"

சுகிர்தா வாயைத் திறப்பதற்குள், யேசுதாஸ் எழுந்து, போனைத் துடைத்து முத்தம்மாள் கையில் கொடுத்தார்.

"சுகிர்தா மேல தப்பு இல்லக்கா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மிஷினு தப்பு. நான் செஞ்சது."