யார் தொட்டாலும் உரியும்

தேய்ந்த இரும்பின்மேல் உருக்கிய உலோகத்தைத் துளித்துளியாகப் பீச்சி, போன சதையை மறுபடி வைப்பதுதான் எங்கள் தொழில். பீச்சும் துப்பாக்கி கணவர் கையில், மற்றதெல்லாம் என் வாயில். வீட்டுக் கொல்லையில் பட்டறை உள்ள பெண்களே, உங்களுக்கு இது புரியும்.

வெறும் பெயின்டுதானே!

விசைப்படகுக்காரர் மரியதாசன், படகின் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் தேய்ந்துபோய், அதோடு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலே நாள். முதல் நாளே கடலுக்குப் போகாவிட்டால் மற்றவர்கள் மீனை வாரிவிடுவார்களாம். கான்வென்ட் படிப்பு வீணாகக் கூடாதே என்று விளக்கினேன்: துளி மோதியதும் தோசைபோல் பரந்து, கண்ணிமைப்பதற்குள் உறைந்து, இரும்பின் சொரசொரப்பைக் கவ்விக்கொள்ளும், அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பெயின்டு அடிக்கதுக்கா நாலு நாளு? எங்க வீட்டுக்கே ரெண்டு நாளுதாம்லா ஆச்சு!"

தள்ளி நின்ற வீரர்

அன்று துப்பாக்கி பிடித்தது என் கொழுந்தன் செல்வராஜ். அடுக்களை ஜன்னலில் பார்த்தால், தரையெல்லாம் சாம்பல்நிறப் பொடி. ஷாஃப்டுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மாடு கட்டலாம். அவ்வளவு தூரம் பறந்தால் துளி வழியிலேயே ஆறி, ஒட்டாமல் மணலாய்த் தெறிக்காதா? "ஏலே, பக்கத்தில போ!" என்று கத்தினேன்.

"பக்கத்துல போனா சுடுதுலா மைனி!"

பாதர் தந்த எண்ணெய்

அடித்ததைச் சுரண்டி, மறுநாள் மறுபடி மணலடித்துச் சொரசொரப்பாக்கினோம். இனி வெறுங்கை படக்கூடாது. நான் திரும்புவதற்குள் மரியதாசன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து, ஷாஃப்டில் எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டார். எண்ணெய் பட்ட இடத்தில் துளி கவ்வாது. எண்ணெயைச் சுட்டுப் போக்கி, இன்னொரு முறை மணலடிக்க இன்னொரு நாள். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்கோ ஒரே சந்தேகம்:

"பாதர் ஜெபிச்ச எண்ணெய் எப்பிடிக்கா கெடுக்கும்?"

விரலளவு

மூன்றாம் முறை நானே காவல். ஏத்த வாழைக்காய் வறுவலை அடுப்பில் பாதியில் விட்டு ஓடிவந்து, "இங்கதான் எண்ணெய் போட்டீரு! இங்க! இனி தொட்டீரோ பாரும்!" என்று ஷாஃப்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். பிறகு கணவரே பீச்சினார். கடைசி நாள் கடைசல் எந்திரத்தில் போட்டுத் தேய்த்தபோது இரண்டு இடத்தில் பூச்சு உரிந்து விழுந்தது. இரண்டும் விரல்நுனி அளவு.

மறுநாள் எல்லாப் படகும் போயிற்று, மரியதாசனுடையது தவிர. பட்டறையில் காத்திருந்தவருக்கு வறுவல் தட்டை நீட்டினேன். தட்டைப் பார்த்தார்; என் விரலைப் பார்த்தார்.

"எனக்க எண்ணெயாவது ஜெபிச்சது, அக்கா. உங்களுது வறுத்தது."

அதற்குப் பிறகு ஷாஃப்ட் வரும் நாள்களில் எங்கள் வீட்டில் வறுவல் கிடையாது, ஏச்சு மட்டும் வழக்கம்போல் உண்டு.